பட்டி என்ற சொல்லைத் தடை செய்தவள்

கெட்ட வார்த்தைகளைப் பிழையில்லாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஐம்பத்தேழு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. கரமனையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு வார்த்தையையும் தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை, இங்கிலீஷ் எழுத்தில் ஒரு தடவை என்று போனில் அடித்தேன். வாழ்நாளில் வாயால் சொல்லாத வார்த்தைகள். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் காதில் விழுந்தவைதான் எல்லாம். ஒன்றிரண்டுக்குச் சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்று சந்தேகம் வந்தது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

அந்தப் பட்டியலில் ஏழாவதாக ‘பட்டி’ என்று எழுதினேன். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அதை எழுதியபோது எனக்கு இருந்த கோபத்தையும், எழுதியதால் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசியில் ‘பார்த்தாயா, விதிமுறையே வேண்டாம் என்று நாங்கள் சொன்னோமே’ என்று சொல்ல யாராவது காத்திருந்தால், அவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன்: நான் அந்தக் கட்சி இல்லை, இனியும் சேரமாட்டேன்.

மலையாளம் பேசுகிற இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்களுக்கென்று போனில் ஒரு குரூப் தொடங்கினோம். நானும் பக்கத்துத் தெரு அண்ணா ஒருவரும். உடன்பிறந்த அண்ணா இல்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாதான். பாங்கில் மானேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், நாலு பேர் நடுவில் நன்றாகப் பேசுவார். நான் ஒரு சர்க்கார் ஆபீஸின் தபால் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவள். வந்த கடிதத்தைப் பிரித்து, வாசித்து, எண் போட்டு, உரிய மேஜைக்கு அனுப்புவது என் வேலை. குரூப்பில் முதலில் அக்ரஹாரத்து ஆட்கள்தான் இருந்தார்கள். வாடகை வீடு, சமையலுக்கு ஆள், வரன், இவ்வளவுதான் பேச்சு. பிறகு எப்படியோ விஷயம் பரவி, ஹோட்டல் வேலைக்கும் கடை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்திருந்த திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் சேர ஆரம்பித்தார்கள். ரத்தம் வேண்டும் என்பார்கள். இந்த நோட்டீஸில் மலையாளத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று போட்டோ அனுப்புவார்கள். ஆயிரம் பேரைத் தாண்டினோம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போது பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி குரூப்புக்கு வந்தாள். கோவில்பட்டிப் பக்கம். அவள் கிராமத்தின் பெயரும் ‘பட்டி’ என்றுதான் முடியும். நல்ல பிள்ளையாக ஊர்ப்பெயரோடு தன்னை அறிமுகம் செய்துகொண்டு, பெண்கள் தங்க நல்ல ஹாஸ்டல் ஏதாவது தெரியுமா என்று கேட்டாள்.

எங்கள் தெருக்களிலேயே பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பையன்கள் நாலைந்து பேர் குரூப்பில் உண்டு. எல்லாம் காலேஜை முடித்து வேலைக்குப் போகிற தடிப்பயல்கள். ஹாஸ்டலைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்ப்பெயரின் கடைசி மூன்றெழுத்து மட்டும் அவர்கள் கண்ணில் பட்டது. ‘பட்டிக்கு எதுக்கு ஹாஸ்டல், கூடு போதுமே’ என்று ஒருவன் எழுதினான். இன்னொருவன் நாய்ப் படம் போட்டான். மூன்றாவது ஒருவன், எனக்கு இன்றும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது, குரைத்துப் பதிவு செய்து அனுப்பினான். அதைப் பார்த்து மற்றவர்களும் குரைத்தார்கள். நான் குக்கரை இறக்கிவிட்டு வந்து பார்ப்பதற்குள் நாற்பது செய்திகள். நடுவில் அந்தப் பெண் எழுதியது ஒரே வரி: “மன்னிக்கணும், தெரியாம கேட்டுட்டேன்.” எழுதிவிட்டுக் குரூப்பிலிருந்து போய்விட்டாள்.

தங்க இடம் கேட்டதற்கு அவள் மன்னிப்புக் கேட்டாள். குரைத்தவன் கேட்கவில்லை. ஆயிரம் பேரில் ஒருவர்கூட ‘நிறுத்துங்கடா’ என்று எழுதவில்லை.

அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

“பசங்க தமாஷாக்கும் பண்ணினது,” என்றார். “அத்ரேயுள்ளூ, அவ்வளவுதான். நீ எதுக்கு இத்தனை பெரிசு பண்றாய்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ?”

“ஊர் வாய்க்கு உலைமூடி கிடையாது அண்ணா. ஆனா நம்ம கூடத்துல வந்து குரைக்கறவனுக்கு நாம எதுக்கு நாற்காலி போட்டுக் கொடுக்கணும்?”

“சரி, நீ ரூல் போடு. நாளைக்கு ஒவ்வொருத்தனும் உன் வாசல்ல வந்து நிப்பான். அப்போ என்னைக் கூப்பிடாதே, கேட்டோ.”

நான் கூப்பிடவில்லை. குரூப்பில் காவலுக்கு வைக்கக் கூடிய ஒரு தானியங்கிக் காவல்காரன் ஓசியில் கிடைக்கிறது என்று படித்தேன். எந்தெந்த வார்த்தை கூடாது என்று நாம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். அந்த வார்த்தை வந்த செய்தியை அதுவே அழித்துவிடும். மூன்று முறை அழிக்கப்பட்டவரை வெளியே தள்ளிவிடும். அழித்த செய்திகளின் நகலை எனக்குத் தனியாக அனுப்பிவைக்கும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நானே அதை அமைத்தேன். குரைத்த பயல்கள் மறுநாளே தங்கள் பாஷையில் எதையோ எழுதி மூன்று முறை மாட்டி வெளியே போனார்கள். அன்று எனக்குக் காப்பி கூடுதல் ருசியாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு தமிழ்ச் சங்கத்துக்காரர் கூப்பிட்டுப் புலம்பினார். பொங்கல் பட்டிமன்ற அறிவிப்பை இரண்டு முறை போட்டாராம், இரண்டு முறையும் காணாமல் போய்விட்டதாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பட்டிமன்றத்தில் ‘பட்டி’ இருக்கிறதே! அந்த ஒரு சொல்லுக்கு விலக்குக் கொடுத்தேன். பிறகு நாகப்பட்டினத்தில் பெண் எடுத்த மாமி ஒருத்தியின் செய்தி போயிற்று. அதற்கும் ஒரு விலக்கு. மளிகைப் பட்டியல் போனது. அதற்கும் ஒன்று. விதி என்று வந்தால் நாலு பேருக்கு இடிக்கத்தான் செய்யும் என்று அலட்சியமாக இருந்தேன். தனியாக வருகிற நகல்களைத் திறந்து பார்ப்பதையும் மெல்ல விட்டுவிட்டேன். பட்டிமன்றமும் பட்டியலும்தானே, என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது?

முப்பது வருஷம் ஊராருடைய தபாலை வாசித்தவள், என் பெயருக்கு வந்த தபாலை வாசிக்கவில்லை. இதற்கு நான் சாக்குச் சொல்லப்போவதில்லை.

ஒரு புதன்கிழமை சாப்பிட்டு முடித்து, வேறு எதையோ தேடப்போய் அந்த நகல்களைத் திறந்தேன். மூன்று செய்திகள், மூன்றும் ஒரே ஆள் அனுப்பியவை. காலை ஒன்பதரைக்கு வந்தது இது: “தம்பி சாரத்துல இருந்து விழுந்துட்டான். கால்ல பலமா அடிபட்டிருக்கு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இருக்கோம். மலையாளம் வாசிக்கத் தெரிஞ்சவங்க யாராவது வர முடியுமா.” பத்து மணிக்கு: “அடிபட்டிருக்குன்னு எழுதினேன், மெசேஜ் காணோம். யாராவது வாங்க.” பதினொன்றுக்கு: “காலைல இருந்து ரொம்ப கஷ்டப்பட்டிருக்கோம். இங்க எங்களுக்கு ஆள் இல்ல.” மூன்றாவது செய்தியோடு காவல்காரன் அவரை வெளியே தள்ளியிருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. இதில் கெட்ட வார்த்தை எங்கே? பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். அடி-பட்டி-ருக்கு. கஷ்டப்-பட்டி-ருக்கோம். தமிழில் ஒருவன் தனக்கு வந்த துன்பத்தை இந்தச் சொல் இல்லாமல் எப்படிச் சொல்வான்? அவமானப்பட்டிருக்கிறேன், வேதனைப்பட்டிருக்கிறேன், பட்டினி கிடக்கிறேன். யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றிலும் அது உட்கார்ந்திருந்தது. வலிக்கிறது என்று வந்து சொன்னவர்களை எல்லாம் இத்தனை நாளும் தேடித் தேடி அழித்துக்கொண்டிருந்தேன். வேலியே பயிரை மேய்ந்தது. வேலி போட்டவள் நான். அந்தச் செய்திகளை அனுப்பியவரின் எண்ணைத் தேடி எடுத்தேன்.

அந்த எண்ணுக்குப் போன் செய்தபோது மணி இரண்டரை. எடுத்தவர் சாரம் கட்டுகிற கொத்தனார், முப்பத்தைந்து வயது இருக்கும். கரமனையில் ஆற்றோரம் ஒரு கட்டடத்தில்தான் வேலை. என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். நான் யார் என்று சொன்னதும், “அந்த குரூப்பாம்மா?” என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பஸ் பிடித்துப் போனேன்.

தம்பிக்காரன் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அண்ணன் கையில் நாலு பக்க மலையாளப் படிவம், கையெழுத்துப் போடாமல். நர்ஸ் பல தடவை விளக்கியிருக்கிறாள். அவருக்குப் புரிந்தது ‘ஓப்பரேஷன்’, ‘காலு’ என்ற இரண்டு சொற்கள்தான். தம்பியின் காலை எடுக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றிருக்கிறார்.

நான் வாசித்தேன். எலும்பு உடைந்திருக்கிறது, உள்ளே தகடு வைத்துச் சேர்க்கப்போகிறார்கள். அவ்வளவுதான்.

“காலை எடுக்கலியாம்மா?”

“இல்லை. எடுக்கலை. தகடு வெக்கறா. நடப்பான்.”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். பிறகு கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே தம்பியை உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்து மணி நேரம் அந்தப் பையன் வலியோடு கிடந்தது என்னுடைய ஏழாவது வார்த்தையால். அதை நான் அவரிடமே சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் காவல்காரனை நிறுத்தினேன். நடந்ததை ஒளிக்காமல் குரூப்பில் எழுதினேன். அதுதான் தாமதம், வெளியே போன பயல்களின் சிநேகிதர்கள், எந்த விதியும் பிடிக்காதவர்கள், சும்மா வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் கொத்தனார்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. பாவம் அந்த மனுஷன், விதி விதி என்று ஒரு உயிரோடு விளையாடிவிட்டாள் என்று எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை தெருமுனை ஹாலில் கூட்டம் போட்டு, விதியை எல்லாம் எடுத்துவிட்டு, என்னையும் பொறுப்பிலிருந்து எடுப்பது என்று அண்ணா அறிவித்தார். போதாததற்குக் கொத்தனாரையும் கூட்டிவருவதாகச் சொன்னார்.

நான் போகமாட்டேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

அண்ணா பேசினார். மனுஷர்கள் கூடுகிற இடத்தில் நல்லதும் வரும் கெட்டதும் வரும், கெட்டது தானே அடங்கும், அதை அடக்க நாம் யார் என்றார். கை தட்டினார்கள். என் முறை வந்தது.

“தப்பு என்னுடையது,” என்றேன். “யந்திரத்தை நம்பி வாசிக்காம இருந்தேன். ஆயுசு முழுக்க அது என்னை உறுத்தும். ஆனா மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த நான் சம்மதிக்க மாட்டேன். கெட்டது தானே அடங்கும்னு அண்ணா சொன்னார். அந்தப் பொண்ணு விஷயத்துல அது அடங்கலை. அவதான் அடங்கிப் போனா. உங்க சுதந்திரத்துல யாருக்கு இடம் இருந்தது? குரைச்சவனுக்கு இருந்தது. கேட்டவளுக்கு இல்லை.”

கூச்சல் எழுந்தது. அண்ணா கையை உயர்த்தி, “இவரையே கேப்போம்,” என்று கொத்தனாரைக் கூப்பிட்டார். “நீங்க சொல்லுங்கோ. உங்களை வெளியே தள்ளினது யாரு?”

அவர் எழுந்து நின்றார். பேசிப் பழக்கமில்லாதவர், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினார்.

“அந்த மிஷினுதான் சார் தள்ளிச்சு. கோவம் உண்டு. இல்லாம எப்படி? என் தம்பி கெடந்தான்லா.” என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஆனா ஒண்ணு சார். நான் அந்த குரூப்புல ரொம்ப நாளா இருக்கேன். அந்தப் புள்ளைய எல்லாரும் கொலைச்சப்போ நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க ஊரும் பட்டிதான். அதுக்குப் பொறவு நான் அதுல ஒரு வார்த்த எழுதல. தம்பி விழுந்த அன்னைக்குக்கூட, எழுதலாமா வேண்டாமான்னு ஒரு மணி நேரம் யோசிச்சேன். விழுந்தது எட்டரைக்கு. நான் எழுதுனது ஒம்பதரைக்கு. எழுதும்போதும் ஊர்ப்பேரு போடல. அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரு சார் பொறுப்பு?”

அவர் ஊர்ப் பக்கத்தில் நாய் குரைக்கிறதைக் கொலைக்கிறது என்றுதான் சொல்வார்கள். அந்த ஹாலில் பாதிப் பேருக்கு அது புரியவில்லை. புரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணாவுக்குப் புரிந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ஓட்டு எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்தியைப் பார்த்துக் குரைக்கலாமா கூடாதா என்பதற்கு எதற்கு ஓட்டு? விதி இருக்கும், இஷ்டமில்லாதவர்கள் வேறு குரூப் தொடங்கிக்கொள்ளலாம் என்றேன். சர்வாதிகாரி என்றார் ஒருவர். இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன். இருநூறு பேர் போனார்கள். அண்ணாவே வேறு ஒன்று தொடங்கினார். இரண்டு மாதத்தில் அதில் லாட்டரி விளம்பரமும் வைத்தியக் குறிப்பும் சண்டையும் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை என்று கேள்வி. இதிலிருந்தும் அவர் விலகவில்லை. தினமும் வந்து வாசிக்கிறார், எனக்குத் தெரியும்.

புது விதியைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதினேன். ஊர், சாதி, தொழில், பாஷை, எதை வைத்தும் ஒருவரை இழிவாகப் பேசக்கூடாது. பேசினால் செய்தியை எடுப்போம், ஒரு நாள் எழுத முடியாது. எடுத்தவர், ஏன் எடுத்தார் என்று அந்த ஆளிடம் சொல்லியாக வேண்டும். யந்திரம் கிடையாது, மூன்று பேர் முறை வைத்து வாசிப்போம். மூன்றாவது ஆளாகக் கொத்தனாரைக் கேட்டேன். “எனக்கு எழுத்துப் பிழை வரும்மா,” என்றார். வரட்டும் என்றேன்.

அவர் பொறுப்புக்கு வந்த மூன்றாவது வாரம். குரைத்த பயல்களில் ஒருவன் வேறு எண்ணில் நுழைந்திருந்தான். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கொத்தனார் எழுதிய செய்தியில் ஒரு ‘ண’ தவறு. அதை வட்டமிட்டு, முதலில் தமிழ் எழுதப் படித்துவிட்டு மற்றவர்களை மேய்க்க வா என்று போட்டான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. கோபம் வந்தால் எனக்கு மலையாளம்தான் வரும். ‘போடா தெண்டி’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். தெண்டி என்றால் பிச்சைக்காரன். இங்கே எல்லோரும் வாயில் வைத்திருக்கிற வசவு. என் கெட்ட வார்த்தைப் பட்டியலில்கூட அதை நான் சேர்த்ததில்லை. அது கெட்ட வார்த்தை என்றே எனக்குத் தோன்றியதில்லை.

ஒரு நிமிஷத்தில் அவனுடைய செய்தி மறைந்தது. அதற்கடுத்து என்னுடையதும் மறைந்தது. கொத்தனார் எனக்குத் தனியாக எழுதியிருந்தார்:

“அம்மா, அவன் மெசேஜையும் உங்க மெசேஜையும் எடுத்திட்டேன். எனக்காவத்தான் எழுதுனீங்கன்னு தெரியும். ஆனா தெண்டின்னு இங்க எங்களத்தான் சொல்லுவாங்க. பஸ்ல, கடைல, சைட்ல. அவனத் திட்டுறதுக்கு எங்க பேர எடுக்காதீங்க. நாளைக்கு இதே நேரம் வரைக்கும் நீங்க எழுத முடியாது.”

பதிலாக நான் நீளமாக எழுதினேன். உனக்காகப் பேசினவளையா, நான் ஆரம்பித்த குரூப்பில் என்னையா என்று. அனுப்பவில்லை, அழித்துவிட்டு, ‘சரி’ என்று மட்டும் அனுப்பினேன். முகம் சுட்டது. நான் நல்லவர்கள் பக்கம் நிற்பவள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் முதுகில் விழுகிற அதே கல்லை நானும் கையில் வைத்திருந்தேன்.

சாயங்காலம் அண்ணா போன் செய்தார். கூட்டத்துக்குப் பிறகு முதல் தடவை. குரலில் சந்தோஷம் வழிந்தது.

“என்னம்மா, நீ போட்ட ரூல் உன்னையே பிடிச்சுடுத்தாமே?”

“பிடிச்சுடுத்து அண்ணா.”

“இப்பவாவது எடுத்துடறயா?”

“மாட்டேன்,” என்றேன். என் குரல் தழுதழுத்தது அவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.